பக்கத்து பிட்டை அழிச்சது யாரு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேசப் போறது கம்பைலரைப் பத்தி. பயந்து ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. இந்தக் கதையில ஒரு பவர் பிரஸ் இருக்கு, நசுங்கின இடுக்கி ஒண்ணு இருக்கு, செய்யாத தப்புக்கு மெமோ வாங்கின ஒரு அண்ணன் இருக்கார். கூடவே 50, 60 வருஷக் கம்ப்யூட்டர் வரலாறும் இருக்கு.

கவரைப்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கி ஷேர் ஆட்டோ பிடிச்சா புதுவாயல் வந்துடும். சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து பெரியபாளையம் ரோடு பிரியற இடம். ஆடி மாசம் ஞாயித்துக்கிழமை போனீங்கன்னா அம்மன் கோயில் கூட்டத்துல நகர முடியாது. மத்த நாள்ல எல்லாம் லாரிதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் அதைச் சுத்தி வளர்ந்த ஃபேக்டரிகளுக்கும் போற வர்ற லாரி. 2014 வாக்குல அந்தப் பக்கம் ஒரு ஷெட்டுக்கு நான் அடிக்கடி போவேன். தகடு வெட்டி வளைக்கிற பவர் பிரஸ்கள் அங்கே வரிசையா நிக்கும். அதுக்குக் கண்ட்ரோல் போர்டு செஞ்சு கொடுத்த சின்ன கம்பெனியில நான் எம்பெடட் ப்ரோக்ராமர். சேர்ந்து ரெண்டாவது வருஷம். தெரியாதது எதுவுமே இல்லைன்னு நினைச்சிட்டு இருந்த வருஷம்.

பிரஸ் எப்படி வேலை செய்யும்னு சுருக்கமா சொல்லிடறேன். முன்னாடி ஒரு கம்பிவலைக் கதவு. ஆபரேட்டர் கதவைத் திறந்து, டை மேல இருக்கிற பீஸை இடுக்கியால எடுத்துட்டு, புதுத் தகட்டை வெச்சு, கதவை மூடி, காலால பெடலை மிதிப்பார். பிரஸ் இறங்கும். கதவு திறந்திருந்தா பெடல் வேலை செய்யக்கூடாது. கதவுல இருக்கிற லிமிட் ஸ்விட்ச் திறக்கும்போது ஒரு சிக்னல், மூடும்போது ஒரு சிக்னல் போர்டுக்கு அனுப்பும். போர்டு அதை ஒரே ஒரு பிட்டுல ஞாபகம் வெச்சுக்கும். 1-னா திறந்திருக்கு, 0-னா மூடியிருக்கு.

ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட்ல கதவு திறந்திருக்கும்போதே பிரஸ் இறங்கிடுச்சு. அந்த அண்ணனோட கால் தெரியாம பெடல்ல பட்டிருக்கு. கையில இருந்த இடுக்கி தட்டையாயிடுச்சு. விரல் இல்லை, இடுக்கி. அவர் அந்த நேரத்துல வெறுங்கையால எடுத்திருந்தா இந்த எபிசோடை நான் பண்ணியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் காலையில சூப்பர்வைசர் முடிவே பண்ணிட்டார். ஆபரேட்டர் வேகமா பீஸ் எடுக்கிறதுக்காக லிமிட் ஸ்விட்சைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்னு. அந்த ஏரியாவுல அது நடக்காத விஷயம் இல்லை, அதனால யாருக்கும் சந்தேகமே வரலை. மெமோ கொடுத்து நாலு நாள் வெளியே நிறுத்திட்டாங்க. கான்ட்ராக்ட் ஆள், கேள்வி கேக்க முடியாது. நான் போர்டைச் செக் பண்ணப் போனப்போ அவர் கேட்டுக்கு வெளியே டீக்கடையில உக்காந்திருந்தார். "நான் கட்டலை தம்பி"ன்னு ரெண்டு தரம் சொன்னார். அப்புறம் போற போக்குல ஒண்ணு சொன்னார்: "எப்பவாவது கதவை மூடிட்டு மிதிச்சா இறங்கவே இறங்காது. இன்னொரு தரம் திறந்து மூடினா சரியாயிடும். மெயின்டனன்ஸ்ல சொன்னேன், யாரும் காதுல வாங்கலை."

அந்த வாக்கியத்துலதான் விடை இருந்துச்சு. அது எனக்குப் புரிய மூணு நாள் ஆச்சு. உங்களுக்குப் புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

முதல்ல பிட்ஃபீல்டுன்னா என்ன? தமிழ் எழுத்தையே எடுத்துக்கலாம். 'கூ' ஒரே எழுத்துதான், ஆனா உள்ளே ரெண்டு தகவல் இருக்கு: க் என்கிற மெய், ஊ என்கிற உயிர். 18 மெய்க்கு 5 பிட் போதும், 12 உயிருக்கு 4 பிட் போதும். ரெண்டையும் ஒரே எண்ணுக்குள்ள அடுத்தடுத்து அடுக்கினா அதுதான் பிட்ஃபீல்டு. இது கற்பனை இல்லை. 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடோட சேர்த்து ஏத்துக்கிட்ட டேஸ் 16 குறியீட்டுல, ஒரு உயிர்மெய்யோட எண்ணுல கீழ் 4 பிட் உயிரைச் சொல்லும், மேல இருக்கிறது மெய்யைச் சொல்லும். 'கூ'வுல உயிர் என்னன்னு தெரியணுமா? கீழ் 4 பிட்டை மட்டும் வெட்டி எடுத்தா போதும்.

இப்படி அடுக்கி வைக்கிற பழக்கம் கம்ப்யூட்டர் அளவுக்கே பழசு. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துல 1960-ல ஓட ஆரம்பிச்ச டிஃப்ராக், இந்தியாவுல வடிவமைச்சுக் கட்டின ஆரம்பக் கம்ப்யூட்டர்கள்ல ஒண்ணு. அந்தக் குழுவை நடத்தினவர் ஆர். நரசிம்மன். சென்னையில பிறந்து கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவர். அந்த மெஷினோட மெமரியில ஒரு வேர்டுக்கு 40 பிட், மொத்தமே 2048 வேர்டு. உங்க போன்ல ஒரு சாதாரண போட்டோவே அதைவிடப் பெருசா இருக்கும். இவ்வளவு குறைச்ச இடத்துல ஒரு சின்ன எண்ணுக்கு ஒரு முழு வேர்டைக் கொடுக்கிறது ஊதாரித்தனம். நாலஞ்சு சின்ன எண்களை ஒரே வேர்டுக்குள்ள திணிச்சு, வேணும்போது நகர்த்தி, மறைச்சு எடுக்கிறது அந்தக் காலத்து வேர்டு மெஷின்கள் எல்லாத்துலயும் வழக்கம். ஆனா அலைன்மென்ட்னு ஒரு பிரச்சினை அவங்களுக்குக் கிடையாது. முகவரின்னாலே வேர்டோட முகவரிதான். வேர்டோட பாதியிலிருந்து படின்னு கேக்கறதுக்கு வழியே இல்லை.

அதே காலத்துல ஐபிஎம் நேர் எதிர்த்திசையில போச்சு. 1961-ல லாஸ் அலமாஸுக்குப் போன ஸ்ட்ரெட்ச் மெஷின்ல ஒவ்வொரு பிட்டுக்கும் முகவரி உண்டு. எந்த பிட்டுல ஆரம்பிச்சும், எத்தனை பிட் நீளமும் படிக்கலாம், 64 பிட் வேர்டோட எல்லையைத் தாண்டியும் போகலாம். 'பைட்'ங்கிற வார்த்தையே அந்த ப்ராஜெக்ட்ல பிறந்ததுதான், வெர்னர் புக்ஹோல்ஸ் 1956-ல வெச்ச பேர். அப்போ பைட்னா 8 பிட்னு கட்டாயம் இல்லை, 1-லிருந்து 8 வரை எதுவும் இருக்கலாம். கேக்க அழகா இருக்கு இல்ல? ஆனா மெஷின் வாக்கு கொடுத்த வேகத்துக்கு வரலை. ஐபிஎம் விலையை ஒரு கோடியே 35 லட்சம் டாலர்லேர்ந்து 78 லட்சத்துக்குக் கிட்ட இறக்கிட்டு, மேற்கொண்டு விக்கறதையும் நிறுத்திடுச்சு. பிட் முகவரி மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், பல காரணங்கள். ஆனா அடுத்த தலைமுறை மெஷின்ல அந்த ஆடம்பரம் காணாமப் போச்சு.

அந்த அடுத்த மெஷின்தான் 1964 ஏப்ரல்ல வந்த சிஸ்டம் 360. பைட்னா 8 பிட், ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரின்னு இன்னைக்கு நாம பழகியிருக்கிற உலகத்தை நிலைநாட்டினது அதுதான். கூடவே ஒரு கண்டிப்பும் வந்துச்சு. 4 பைட் எண்ணைப் படிக்கணும்னா முகவரி 4-ஆல வகுபடணும். 8 பைட்னா 8-ஆல. இல்லைன்னா ப்ரோக்ராம் அங்கேயே நிக்கும். இதுதான் அலைன்மென்ட்.

ஏன் இந்தக் கண்டிப்புன்னு கேட்டா, சிப்காட் பக்கம் ஏதாவது ஒரு குடோனை நினைச்சுக்கோங்க. ரேக்ல பேலட் பேலட்டா அடுக்கியிருக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஒரு தடவைக்கு ஒரு பேலட்டை இறக்கும். உங்களுக்கு வேண்டிய நாலு பெட்டியும் ஒரே பேலட்ல இருந்தா ஒரு நடை. ரெண்டு பெட்டி இந்தப் பேலட்லயும் ரெண்டு பக்கத்துப் பேலட்லயும் இருந்தா ரெண்டு நடை, அப்புறம் கீழே வெச்சு ஒட்டுப் போடற வேலை வேற. மெமரியும் அப்படித்தான், மொத்த மொத்தமாத்தான் எடுக்கும். ரெண்டு நடை போக மாட்டேன்னு 360 மறுத்துடுச்சு. ஃபோர்ட்ரான் எழுதினவங்க புலம்பின புலம்பல்ல, 1968-ல அறிவிச்ச மாடல் 85-லயும் அப்புறம் 1970-ல வந்த சிஸ்டம் 370-லயும் ஐபிஎம் இறங்கி வந்துச்சு. கோணலா இருந்தாலும் படிச்சுக் கொடுக்கறேன், கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்னு. 1973-ல ஐஐடி மெட்ராஸுக்கு வந்தது இந்தக் குடும்பத்து 370/155 தான். அங்கே துளை அட்டையோட வரிசையில நின்ன மாணவர்களுக்கு, முந்தின தலைமுறை பட்ட அலைன்மென்ட் அவஸ்தை பாதிக்கு மேல குறைஞ்சிருந்துச்சு.

சரி, இப்போ சி மொழி. பெல் லேப்ஸ்ல டென்னிஸ் ரிட்ச்சி 1972 வாக்குல உருவாக்கினது. அதுக்கு முந்தின பி மொழிக்கு வேர்டு மட்டும்தான் தெரியும். புதுசா வந்த பிடிபி 11 மெஷின் பைட் பைட்டா முகவரி கொடுத்துச்சு, பி அதோட ஒத்துப் போகலை, அந்த இழுபறியிலதான் சி பிறந்துச்சு. பிடிபி 11-லயும் அலைன்மென்ட் உண்டு: ஒற்றைப்படை முகவரியிலிருந்து ஒரு வேர்டைப் படிச்சா டிராப் ஆகும். 1973-ல ஸ்ட்ரக்ட் வந்து, யூனிக்ஸ் கெர்னலையே சி-யில திரும்ப எழுதினாங்க. 1978-ல வந்த கெர்னிகன் – ரிட்ச்சி புத்தகத்துல பிட்ஃபீல்டு இருக்கு. எதுக்குன்னும் காரணம் சொல்றாங்க. ஒண்ணு, கம்பைலரோட சிம்பல் டேபிள் மாதிரி இடங்கள்ல ஒரு பிட் கொடிகளைச் சேர்த்து அடுக்கறதுக்கு. இன்னொண்ணு, ஹார்டுவேர் ரெஜிஸ்டர் மாதிரி யாரோ வெளியில தீர்மானிச்ச வடிவத்தைத் தொடறதுக்கு.

ஆனா பாருங்க, அதே புத்தகம் அதே மூச்சுல கையையும் விரிச்சிடுது. சில மெஷின்ல இடமிருந்து வலம் அடுக்கும், சிலதுல வலமிருந்து இடம். 1989-ல அமெரிக்கத் தரக்குழு சி-க்கு ஸ்டாண்டர்டு எழுதினப்போ இன்னும் கொஞ்சம் தளர்த்திட்டாங்க. ஒரு ஃபீல்டு தன்னோட சேமிப்பு யூனிட்டின் எல்லையைத் தாண்டலாமா கூடாதா, எந்த வரிசை, யூனிட்டோட அலைன்மென்ட் என்ன, எல்லாமே கம்பைலர் எழுதறவர் இஷ்டம். இன்னைக்கும் அப்படித்தான். ஃபீல்டோட டைப்பின் அளவு மாறினா மைக்ரோசாஃப்ட் கம்பைலர் புது யூனிட்டை ஆரம்பிக்கும், லினக்ஸ்ல ஜிசிசி பழைய யூனிட்டுலயே இடம் இருந்தா அடைச்சிடும். லினக்ஸ் கெர்னல்ல ஐபி பாக்கெட்டோட தலைப்பை எழுதியிருக்கிற ஃபைலைத் திறந்து பாத்தீங்கன்னா சிரிப்பு வரும். முதல் பைட்ல இருக்கிற ரெண்டு 4 பிட் ஃபீல்டையும் ஒரு தடவை நேரா, ஒரு தடவை தலைகீழா எழுதி, மெஷினுக்கு ஏத்தத எடுத்துக்கோன்னு விட்டிருப்பாங்க. வெளியில தீர்மானிச்ச வடிவத்துக்குன்னு கொண்டு வந்த வசதி, அந்த வேலைக்கே நம்பி உபயோகிக்க முடியாததா ஆயிடுச்சு. சி-யோட பெரிய சொதப்பல்கள்ல இதை முதல் அஞ்சுக்குள்ள வைப்பேன்.

இப்போ முக்கியமான இடம். ஒரு பிட்ஃபீல்டுல எழுதும்போது கம்பைலர் என்ன பண்ணும்? பெரும்பாலான மெஷின்ல ஒரு பிட்டை மட்டும் மெமரியில எழுத வழி கிடையாது. அதனால மூணு படி. அந்த பிட் இருக்கிற முழு யூனிட்டையும், அலைன் ஆன முகவரியிலிருந்து, ரெஜிஸ்டருக்குள்ள படிக்கும். அங்கே அந்த பிட்டை மாத்தும். முழு யூனிட்டையும் திரும்ப எழுதும். 1977-ல வந்த வாக்ஸ் மெஷின்லயும் 1984-ல வந்த மோட்டரோலா 68020-லயும் பிட்ஃபீல்டுக்குன்னே தனி இன்ஸ்ட்ரக்ஷன் இருந்துச்சு. நாம எழுதறது ஒரு வரி, ஆனா உள்ளே மெமரி வரைக்கும் நடக்கிறது இதே படிச்சு, மாத்தி, எழுதறதுதான்.

இதுல என்ன ஆபத்து? கம்பெனி கேட்ல ஒரு ரெஜிஸ்டர் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒரு பக்கத்துல 32 கட்டம். ஒரு கிளார்க் தன்னோட ஒரு கட்டத்தை மாத்தறதுக்கு முழுப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போறார். தன் மேஜையில கட்டத்தைத் திருத்தறார், ஜெராக்ஸைக் கொண்டு வந்து பழைய பக்கத்து மேலயே ஒட்டறார். அவர் மேஜையில இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துல இன்னொருத்தர் வந்து ரெஜிஸ்டர்ல வேற ஒரு கட்டத்துல எழுதியிருந்தா? அந்த எழுத்து காணாமப் போயிடும். ரெண்டு பேரும் தங்கள் கட்டத்தை மட்டும்தான் தொட்டாங்க. தப்பு பண்ணது யாரும் இல்லை.

புதுவாயல்ல நடந்தது இதேதான். பழைய போர்டுல இருந்தது 8051. இன்டெல் 1980-ல கொண்டு வந்த சிப், அப்புறம் எத்தனையோ கம்பெனிகள் செஞ்சு, நம்ம ஊர் பாலிடெக்னிக் பசங்க எல்லாரும் அதுலதான் எல்இடி மினுக்கிப் பழகினாங்க. அந்தச் சிப்புல ஒரு அபூர்வ விஷயம் உண்டு. மெமரியில 32-வது பைட்டிலிருந்து 47-வது பைட் வரைக்கும் 16 பைட், அதாவது 128 பிட், ஒவ்வொண்ணுக்கும் தனி முகவரி. ஸ்ட்ரெட்ச்சோட ஆவி மலிவு விலை சிப்புல வந்து குடியேறின மாதிரி. ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்ல ஒரு பிட்டை 1 ஆக்கலாம், 0 ஆக்கலாம், நடுவுல இன்டரப்ட் நுழைய முடியாது. கெய்ல் கம்பைலர்ல 'பிட்'னே ஒரு டைப் இருந்துச்சு, அது நேரா இந்த இடத்துலதான் போய் உக்காரும். பழைய ப்ரோக்ராம்ல கதவுக் கொடி இப்படி ஒரு பிட். எனக்கு முன்னாடி அதை எழுதினவருக்கு இந்த நுணுக்கம் தெரிஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியலை.

புது போர்டு ஆர்ம் கார்ட்டெக்ஸ் எம்0. 32 பிட், வேகம் 48 மெகாஹெர்ட்ஸ். அதுல 'பிட்' டைப் கிடையாது. நான் என்ன பண்ணேன்? எல்லா பிட்டையும் ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள்ள பிட்ஃபீல்டா போட்டேன். பாக்கப் பளிச்சுன்னு இருந்துச்சு. மெயின் லூப் ஒவ்வொரு சுத்துலயும் 'நான் உயிரோட இருக்கேன்'னு ஒரு பிட்டை மாத்திக்கிட்டே இருக்கும். அதுக்குப் பக்கத்து பிட் கதவு. கதவு திறந்தா இன்டரப்ட் வந்து அந்த பிட்டை 1 ஆக்கும். மெயின் லூப் வேர்டைப் படிச்சிடுச்சு, இன்னும் எழுதலை, அந்த இடைவெளியில இன்டரப்ட் வந்துட்டா? இன்டரப்ட் 1 எழுதும். திரும்பி வந்ததும் மெயின் லூப் தன்னோட பழைய ஜெராக்ஸை ஒட்டும். கதவு பிட் 0. கதவு திறந்தே இருக்கு, போர்டு மூடியிருக்குன்னு நம்புது.

கதவு மூடும்போது இதே நடந்தா? தலைகீழ். மூடினது அழிஞ்சு 'திறந்திருக்கு'ன்னு நிக்கும். பெடல் மிதிச்சா இறங்காது. இன்னொரு தரம் திறந்து மூடினா சரியாயிடும். அந்த அண்ணன் டீக்கடையில சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இதுதான்.

கணக்குப் போட்டுப் பாத்தேன். அந்த இடைவெளி நாலஞ்சு கிளாக், சுமாரா 100 நானோ செகண்ட். லூப் ஒரு சுத்துக்கு ஒரு மில்லி செகண்ட். அப்போ பத்தாயிரத்துல ஒரு தடவை. ஒரு ஷிஃப்ட்ல அந்தக் கதவு 900 தடவை திறக்கும். பதினோரு ஷிஃப்டுக்கு ஒரு தடவை, ஆள் கதவுக்குள்ள கை விட்டிருக்கும்போது போர்டு குருடா இருந்திருக்கு. அந்த நேரத்துல பெடல்ல கால் படாததால யாருக்கும் தெரியலை. எங்க டெஸ்ட் பெஞ்சுல நான் கதவு ஸ்விட்சைத் தட்டிப் பாத்தது மொத்தமே ஐம்பது தரம் இருக்கும்.

இதுல எனக்கு இன்னமும் உறுத்தற ஒண்ணு இருக்கு. அதே போர்டுல அலைன்மென்ட் தப்பும் ஒண்ணு பண்ணியிருந்தேன். பேக் பண்ணின ஸ்ட்ரக்ட்டுக்குள்ள இருந்த 4 பைட் எண்ணுக்கு ஒரு பாயின்டர் எடுத்து, அது வழியாப் படிச்சேன். ஸ்ட்ரக்ட் வழியாப் படிச்சா, இது கோணலா இருக்குன்னு கம்பைலருக்குத் தெரியும், பைட் பைட்டா எடுத்து ஒட்டிக் கொடுக்கும். பாயின்டர் வழியாப் போனா அதுக்குத் தெரியாது, ஒழுங்கா இருக்குன்னு நம்பி ஒரே எடுப்பா எடுக்கும். கார்ட்டெக்ஸ் எம்0 கோணல் முகவரியைத் தாங்காது. பவர் போட்டதும் ஹார்டு ஃபால்ட், போர்டு செத்து நின்னுச்சு. அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டேன், பெரிய சாமர்த்தியசாலின்னு நினைச்சுக்கிட்டேன். சத்தம் போடற தப்பைப் பிடிச்சவனுக்கு, அதே ஃபைல்ல சத்தம் போடாம இருந்த தப்பு கண்ணுலயே படலை. பழைய ஆர்ம்7 சிப்பா இருந்திருந்தா அலைன்மென்ட் தப்பும் சத்தம் போட்டிருக்காது. அது கோணல் முகவரியைக் கொடுத்தா பைட்டுகளைச் சுழற்றி ஒரு தப்பான எண்ணைக் கொடுத்துட்டு அமைதியா இருக்கும்.

நான் மட்டும்தான் இப்படியான்னா, இல்லை. என்னைவிடப் பல மடங்கு பெரிய ஆட்கள் விழுந்திருக்காங்க. 1992-ல டெக் கம்பெனி ஆல்ஃபா ப்ராசஸர் கொண்டு வந்துச்சு. அந்தக் காலத்துல உலகத்துலயே வேகமானதுல ஒண்ணு. வேகத்துக்காக ஒரு பைட்டை மட்டும் எழுதற இன்ஸ்ட்ரக்ஷனையே எடுத்துட்டாங்க. குறைஞ்சது 4 பைட். அப்போ பிட்ஃபீல்டு என்ன, சாதாரண எழுத்து ஒண்ணை மாத்தினாலும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டறதுதான். சில வருஷத்துலயே பின்னாடி வந்த சிப்புல பைட் இன்ஸ்ட்ரக்ஷனைத் திரும்பச் சேர்த்துட்டாங்க.

2005-ல ஹெச்பி லேப்ஸ்ல இருந்த ஹான்ஸ் போம் ஒரு பேப்பர் எழுதினார். த்ரெட்களை வெறும் லைப்ரரியா மட்டும் செஞ்சுட முடியாது, மொழியும் கம்பைலரும் ஒத்துழைக்கணும்னு சொல்ற பேப்பர். அதுல வர்ற உதாரணம் ஒண்ணு, 17 பிட்டும் 15 பிட்டுமா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஃபீல்டு. ஒரு த்ரெட் ஒண்ணை மாத்தினா இன்னொரு த்ரெட் மாத்தினது அழியலாம். சி மொழியோட ஸ்டாண்டர்டுல அப்போ த்ரெட்ங்கிற வார்த்தையே கிடையாது. அதனால கம்பைலர் பண்றது சட்டப்படி சரி. இந்த விவாதங்கள்லேர்ந்துதான் 2011-ல சி11, சி++11-ன் மெமரி மாடல் வந்துச்சு. விதி இதுதான்: பக்கத்துப் பக்கத்துல இருக்கிற பிட்ஃபீல்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே மெமரி இடம், அதுக்குள்ள சண்டை வந்தா உங்க பாடு. ஆனா பக்கத்துல இருக்கிற சாதாரண வேரியபிளை பிட்ஃபீல்டு எழுதும்போது கம்பைலர் தொடக்கூடாது. ரெண்டு ஃபீல்டையும் தனியாப் பிரிக்கணும்னா நடுவுல பூஜ்ஜிய அகலத்துல பேரில்லாத ஒரு ஃபீல்டு போடுங்க. அந்தப் பூஜ்ஜிய ஃபீல்டு 1978 புத்தகத்துலயே அலைன்மென்ட்டுக்காக இருந்ததுதான், 33 வருஷம் கழிச்சு அதுக்கு ரெண்டாவது வேலை கிடைச்சுது.

சி11 வந்த மை காயறதுக்குள்ள, 2012 பிப்ரவரியில, லினக்ஸ் கெர்னல் குழுவுல ஒரு பெரிய சலசலப்பு. சூசே கம்பெனியின் யான் காரா ஒரு பக் பத்தி எழுதினார். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துல ஒரு ஸ்ட்ரக்ட். அதுல 4 பைட் பூட்டு, அதுக்கு அடுத்து ஒரு பிட் அகலத்துல ஒரு கொடி. இன்டெல்லோட ஐட்டேனியம் மெஷின்ல, ஜிசிசி அந்தக் கொடியை எழுத 8 பைட்டைப் படிச்சு 8 பைட்டையும் திரும்ப எழுதிச்சு. 8 பைட் அலைன் ஆகியிருந்துச்சு, வேகமும் கூட, கம்பைலர் பார்வையில நல்ல முடிவு. ஆனா அந்த 8-ல பாதி, பூட்டு. ஒரு சிபியு பூட்டைத் திறக்க, இன்னொரு சிபியு பழைய ஜெராக்ஸை ஒட்ட, பூட்டு திரும்பப் பூட்டிக்கிச்சு. சாவி யார்கிட்டயும் இல்லை. பழைய ஸ்டாண்டர்டுபடி இது தப்பில்லைன்னு ஒரு வாதம், ஸ்டாண்டர்டு என்ன சொன்னாலும் இப்படி ஒரு கம்பைலரை வெச்சு கெர்னல் எழுத முடியாதுன்னு எதிர்வாதம். கடைசியில ஜிசிசி திருந்துச்சு. என் போர்டுல நடந்ததை சி11 காப்பாத்தியிருக்காது, ஏன்னா ரெண்டுமே பிட்ஃபீல்டு, ஒரே இடம். அது முழுக்க என் தப்பு.

நம்ம ஊர்லயும் இந்த முடிவுகளை ஹார்டுவேர் பக்கத்துலேர்ந்து எடுக்கறவங்க இருக்காங்க. ஐஐடி மெட்ராஸ்ல காமகோடி தலைமையில உருவான சக்தி ப்ராசஸர், 2018-ல சிலிக்கான்ல லினக்ஸை பூட் பண்ணிக் காட்டுச்சு. அது ரிஸ்க்-5 குடும்பம். ரிஸ்க்-5 அடிப்படைத் தொகுப்புல பிட்ஃபீல்டு இன்ஸ்ட்ரக்ஷன் கிடையாது. ஒரு ஃபீல்டை எடுக்க கம்பைலர் இடது பக்கம் ஒரு தள்ளு, வலது பக்கம் ஒரு தள்ளு, அவ்வளவுதான். கோணல் முகவரியை ஹார்டுவேரே சமாளிக்கலாம், இல்லை டிராப் ஆகலாம், சிப் வடிவமைக்கிறவர் இஷ்டம். 360-க்கும் 370-க்கும் நடுவுல நடந்த அதே பழைய பேரம். மெமரியில சில பிட்டை ஒரே மூச்சுல மாத்தற அட்டாமிக் இன்ஸ்ட்ரக்ஷனும் ஒரு நீட்சியா உண்டு. ஆனா நீங்க பிட்ஃபீல்டுன்னு எழுதினா கம்பைலர் அதைத் தானா எடுத்துப் போடாது. நீங்கதான் கேக்கணும்.

புதுவாயலுக்கு வர்றேன். சரி பண்றதுக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு: கதவுக் கொடியை ஸ்ட்ரக்ட்லேர்ந்து வெளியே எடுத்து, தனி பைட்டா வெச்சேன். பைட்டை மட்டும் எழுத கார்ட்டெக்ஸ் எம்0-க்குத் தெரியும், பக்கத்து வீட்டைத் தொடாது. எங்க சீனியர் ஒருத்தர் அதைப் பாத்துட்டுக் கேட்டார், "மொதல்ல, ஒரு ஆளோட கையை சாஃப்ட்வேர் பிட்டை நம்பி ஏம்ப்பா விட்டீங்க?" பதில் இல்லை. லிமிட் ஸ்விட்சோட இன்னொரு காண்டாக்டை கிளட்ச் வால்வுக்குப் போற லைன்லயே சீரிஸா போட்டோம். இப்போ கதவு திறந்தா, போர்டு என்ன நினைச்சாலும், வால்வுக்குக் கரண்டே போகாது. அந்த ஷெட்டுல இருந்த ஆறு பிரஸ்லயும் மாத்த ரெண்டு நாள் ஆச்சு.

ரிப்போர்ட் எழுதறதுதான் கஷ்டமா இருந்துச்சு. "கண்ட்ரோலர் ஃபர்ம்வேர் அப்டேட் செய்யப்பட்டது"ன்னு ஒரு வரியில முடிச்சிடலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அப்படி எழுதினா மெமோ அப்படியே நிக்கும். ரெண்டு பக்கம் எழுதினேன், ஜெராக்ஸ் உதாரணத்தோட. லிமிட் ஸ்விட்ச் கட்டப்படவில்லை, கட்டாமலேயே இது நடக்கும்னு தனி வரியா எழுதி, ஆசிலோஸ்கோப் படத்தையும் ஒட்டினேன். மெமோவை வாபஸ் வாங்கினாங்க. அந்த நாலு நாள் சம்பளம் வந்துச்சான்னு அவர்கிட்டயே கேட்டேன். "ரெண்டு நாளுக்கு வந்துச்சு தம்பி"ன்னார்.